உயிரியலில் வினா அமைக்கும் முறை

உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பாடம் நடத்துவதைக் காட்டிலும் கடினமான காரியம் ஒன்று உண்டு. நடத்திய பாடம் மாணாக்கர் உள்ளத்தில் எந்த வடிவத்தில் போய்த் தங்கியிருக்கிறது என்பதை அறிந்துகொள்வதே அது. பரீட்சை என்னும் ஏற்பாடு இந்த நோக்கத்துக்காகவே தோன்றியதாயினும், நாளடைவில் அது ஞாபக சக்தியை அளக்கும் கருவியாகச் சுருங்கி, புத்தகத்து வாக்கியம் விடைத்தாளுக்குப் பிசகின்றி வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பதோடு தன் கடமை முடிந்ததாகக் கருதிவிடுகிறது. அவ்வாறின்றி, மாணாக்கரின் விளக்கத்தையே சோதிக்கும் வினாக்களை அமைப்பது எப்படி, அவற்றின் விடைகளைப் படிப்பது எப்படி, படித்தறிந்ததைக் கொண்டு மேலே செய்ய வேண்டியது யாது என்பவற்றை இந்த அத்தியாயத்தில் முறையாகக் காண்போம்.

எதைச் சோதிக்கிறோம்

"ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்று கேட்டால், பச்சையமுள்ள தாவரங்கள் சூரிய ஒளியின் துணைகொண்டு கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்து உணவு தயாரிக்கும் நிகழ்ச்சி என்று எழுதி முழு மதிப்பெண்ணும் பெறுகிற மாணவனையே அழைத்து, பள்ளி வாயிலில் நிற்கும் புங்கமரத்தின் அடிமரத்தைக் காட்டி, "இவ்வளவு கட்டையும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிக்கொண்டது என்று அவன் தயக்கமின்றிச் சொல்லக்கூடும். இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் நேரும் குறை அன்று. அமெரிக்காவில் 1997-இல் வெளியான 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்னும் கல்விப் படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் அப்போதுதான் பட்டம் பெற்று வெளிவந்த இளைஞர்களிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் காட்டி, விதை கட்டையாவதற்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்று வினவியபோது, அவர்களிற் பலர் மண்ணையும் நீரையும் சொன்னார்களே ஒழியக் காற்றைச் சொல்லவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவே மரமாகிறது என்று எடுத்துச் சொன்னபோது நம்பத் தயங்கியவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. மாணவனுடைய உள்ளம் பாடத்தைக் கேட்பதற்கு முன்பும் வெறுமையாக இருந்ததில்லை. செடிக்கு எருவிடுவதையும் நீர் பாய்ச்சுவதையும் சிறுபிராயம் முதல் பார்த்து வளர்ந்தவன், செடியின் ஆகாரம் மண்ணில் இருக்கிறது என்னும் கொள்கையைத் தானே வகுத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறான். பாடம் அந்தக் கொள்கையை அசைக்காமல் அதன்மேல் ஓர் இலக்கணத்தைப் போர்த்திவிட்டுப் போய்விடுகிறது. பரீட்சை போர்வையை மட்டுமே பார்க்குமானால் உள்ளே இருக்கும் கொள்கை பத்து ஆண்டுகளானாலும் அப்படியே இருக்கும்.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படையான விதி இதுவாகும்: தவறாக எண்ணுகிறவன் சரியான விடையைத் தொட முடியாதபடியும், சரியாக எண்ணுகிறவன் நெட்டுருப் போடாமலே விடையைக் காணும்படியும் அமைந்த வினாவே நல்ல வினா. இவ்விதியைக் கைக்கொள்ளும் ஆசிரியர், வினாத்தாள் எழுத உட்காரும்போது பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன், தம் மாணாக்கர் என்னென்ன தவறாக எண்ணக்கூடும் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்வார்.

பிழையான எண்ணங்களின் பட்டியல்

உயிரியலிலும் சூழலியலிலும் மாணாக்கரிடையே திரும்பத் திரும்பக் காணப்படும் பிழையான எண்ணங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

1. செடி தன் உணவை மண்ணிலிருந்து பெறுகிறது.
2. தாவரம் இரவில் மட்டும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை செய்கிறது.
3. சுவாசம் என்பது மூச்சு விடுவது மட்டுமே. செல்லுக்குள் நடப்பது வேறு ஏதோ ஒன்று.
4. மட்கிப் போன பொருள் இல்லாமற் போய்விடுகிறது, அல்லது முழுவதும் மண்ணாகிவிடுகிறது.
5. உணவுச்சங்கிலியில் மேலே போகப் போகச் சக்தி சேர்ந்துகொண்டே போகிறது. ஆதலால் புலியிடம் சக்தி மிகுதி.
6. ஒரு பிராணி அழிந்தால் அதைத் தின்னும் பிராணி மட்டுமே பாதிக்கப்படும்.
7. கண்ணின் செல்லில் கண்ணுக்குரிய மரபணுக்களும் கல்லீரல் செல்லில் கல்லீரலுக்குரிய மரபணுக்களும் மட்டுமே இருக்கின்றன.
8. ஓங்கு பண்பு என்பது மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் பண்பு.
9. உயிரினம் தன் தேவையை உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்கிறது. கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொள்கின்றன.

இப்பட்டியலை அப்படியே எடுத்து வழங்குவதைவிட, ஆசிரியர் தம் வகுப்பிலேயே இதைச் சரிபார்த்து விரித்துக்கொள்வது நலம். அதற்கு எளிய வழி உண்டு. பாடம் தொடங்குவதற்கு முன் ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுதி, பெயர் எழுதாத துண்டுத் தாளில் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதை மூன்று வரிகளில் எழுதித் தரும்படி சொல்ல வேண்டும். மதிப்பெண் இல்லை என்று முன்னரே சொல்லிவிட்டால் அச்சமின்றி எழுதுவார்கள். அத்தாள்களைப் படித்து, ஒத்த கருத்துள்ளவற்றை ஒன்றாக அடுக்கினால் நான்கைந்து அடுக்குகளுக்குமேல் வாரா. ஒவ்வோர் அடுக்கிலும் பிள்ளைகள் எழுதியிருக்கும் வாக்கியங்களைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பலவுள் தெரிவு வினா அமைக்கும்போது தவறான விடைகளாக நிற்க வேண்டியவை அவ்வாக்கியங்களே. ஆசிரியர் தம் கற்பனையால் புனைந்த தவறான விடை ஒருவரையும் ஈர்ப்பதில்லை. பிள்ளைகள் எழுதிய தவறான விடையோ அதே எண்ணமுடைய மற்றப் பிள்ளைகளைத் தவறாமல் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

இரண்டடுக்கு வினா

மேற்சொன்ன முறையைச் சாஸ்திரீயமாக வகுத்தவர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக் கர்ட்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டிரெகஸ்ட் என்னும் கல்வியறிஞர். தாவரங்களின் ஒளிச்சேர்க்கையையும் சுவாசத்தையும் பற்றி மாணாக்கர் கொண்டிருக்கும் எண்ணங்களை அறிய அவரும் ஹாஸ்லம் என்பவரும் சேர்ந்து அமைத்த சோதனை 1987-இல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு நிகழ்ச்சியைக் கேட்கும்; இரண்டாம் அடுக்கு அதன் காரணத்தைக் கேட்கும். இரண்டும் சரியாக இருந்தாலன்றி விடை சரியாகாது. நம் பொதுத் தேர்வில் வழங்கும் கூற்று, காரணம் என்னும் வினா வகை இதற்கு உறவுடையதே ஆயினும், அதில் காரணத்தை ஆசிரியரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். இதில் மாணவன் பல காரணங்களிலிருந்து தன் காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறான். வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் பயன் பெரிது. ஓர் உதாரணம் காண்போம்.

*மாதிரி வினா ஒன்று.* நல்ல வெயிலில் நிற்கும் வேப்பங்கன்றின் இலைகளில் நண்பகல் வேளையில் சுவாசம் நடைபெறுகிறதா?
(அ) நடைபெறுகிறது. (ஆ) நடைபெறவில்லை.
அதற்குக் காரணம்:
(1) பகலில் இலைகள் ஒளிச்சேர்க்கையில் ஈடுபட்டிருப்பதால் சுவாசம் நின்றுவிடுகிறது.
(2) தாவரங்களுக்கு ஒளிச்சேர்க்கையே சுவாசமாகும்.
(3) உயிருள்ள செல்களுக்கு எந்நேரமும் சக்தி தேவைப்படுகிறது.
(4) இலைத்துளைகள் பகலில் திறந்திருப்பதால் காற்று உள்ளே சென்று வெளியே வருகிறது.

இதற்குச் சரியான விடை அ, 3. ஆனால் ஆசிரியர் கூர்ந்து நோக்க வேண்டியது, முதல் அடுக்கில் அ என்று சரியாக எழுதிக் காரணத்தில் 4 என்று எழுதியவனை. சாதாரணப் பரீட்சையில் அவன் முழு மதிப்பெண்ணும் பெற்றுப் போயிருப்பான். சுவாசம் என்றதும் மூச்சுக்காற்றையே நினைக்கிறான் என்பதும், செல்லுக்குள் குளுக்கோஸ் சிதைந்து சக்தி வெளிப்படுவதை அவன் இன்னும் அறியவில்லை என்பதும் இரண்டாம் அடுக்கினால்தான் வெளிப்படுகின்றன. முதல் அடுக்கில் இரண்டும் இரண்டாம் அடுக்கில் நான்குமாக விடைகள் இருப்பதால், குருட்டாம்போக்கில் இரண்டையும் சரியாகக் குறிக்க எட்டில் ஒரு வாய்ப்பே உண்டு என்பது இம்முறையின் மற்றொரு நன்மை.

இரவில் புளியமரத்தடியில் படுக்கலாகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது என்று அதற்குக் காரணம் சொல்லி, சில பாடங்களிலும்கூட அதை விஞ்ஞானமாக்கிவிடுகிறார்கள். இதையே ஒரு வினாவாக அமைக்கலாம்: "அந்த மரத்தடியில் பகலில் படுத்தால் மரம் கரியமில வாயுவை உண்டாக்குவதில்லையா? திறந்த வெளியில் படுத்திருப்பவனுக்கு அதனால் தீங்கு நேருமா? மூடிய அறையில் அவன் அருகே இன்னொரு மனிதன் படுத்திருந்தால் எது மிகுதியான கரியமில வாயுவை வெளியிடும்?" பகலிலும் மரம் சுவாசிக்கிறது, ஆனால் உண்டாகும் வாயுவை ஒளிச்சேர்க்கை உடனே எடுத்துக்கொண்டுவிடுகிறது என்னும் நுட்பத்தை உணர்ந்தவனே மூன்று பகுதிகளுக்கும் முரண்பாடில்லாமல் விடை எழுத முடியும்.

தரவைக் கொடுத்துக் கேட்டல்

இலக்கணம் கேட்பதற்கு மாற்றாக, மெய்யாக நிகழ்ந்த ஒரு சோதனையின் எண்களைக் கொடுத்து அவற்றுக்குப் பொருள் காணும்படி கேட்பது சிறந்த முறை. இதற்கு வான் ஹெல்மாண்ட் என்னும் விஞ்ஞானியின் வில்லோ மரச் சோதனையைப் போல் பொருத்தமானது வேறில்லை. அந்தச் சோதனையைப் பற்றிய அவருடைய எழுத்து, அவர் காலமான பின்பு 1648-இல் வெளியாயிற்று. உலர்த்திய 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, மழைநீரே ஊற்றி ஐந்து ஆண்டுகள் வளர்த்து, பின்பு நிறுத்துப் பார்த்தபோது மரத்தின் எடை 169 பவுண்டுக்குச் சற்று மேலாக இருந்தது. மண்ணோ ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு செய்தார்.

*மாதிரி வினா இரண்டு.* (அ) செடியின் உணவு மண்ணிலிருந்து வருகிறது என்னும் கருத்தை இச்சோதனையின் எந்த எண் மறுக்கிறது? (ஆ) வான் ஹெல்மாண்டின் முடிவில் எந்தப் பகுதி சரியானது? (இ) அவர் நிறுத்துப் பாராமல் விட்ட பொருள் எது? (ஈ) மண்ணில் குறைந்த இரண்டு அவுன்சும் என்னவாயிருக்கலாம்?

இவ்வினாவுக்குப் புத்தகத்தில் நேரான விடை கிடையாது. ஆயினும் ஒளிச்சேர்க்கையை உணர்ந்த எவனும் விடை எழுதலாம். நீரும் மரத்தின் எடையில் சேர்கிறது என்பதால் வான் ஹெல்மாண்ட் பாதி சரி. காற்றிலுள்ள கரியமில வாயுவை அவர் கணக்கில் கொள்ளவில்லை என்பதால் பாதி பிழை. இரண்டு அவுன்சு தாது உப்புகளாக இருக்கலாம், நிறுப்பதில் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொன்னால் மதிப்பெண் தர வேண்டும்.

இதன் மறுபக்கத்தைச் சோதிக்க, அடுக்களையிலிருந்தே ஒரு வினாவை எடுக்கலாம். பச்சைப்பயறு நூறு மணிகளை உலர்ந்த நிலையில் நிறுத்து, நனைத்து, ஒளிபடாத இடத்தில் சில நாள் முளைக்கவிட்டு, முளைகளோடு சேர்த்து அடுப்பு வெப்பத்தில் ஈரம் முழுதும் போக உலர்த்தி மறுபடி நிறுத்தால், எடை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, மாறாதிருக்குமா என்பது வினா. முளை வளர்ந்து நீண்டிருப்பதைக் கண்ணால் கண்டவர்கள் கூடியிருக்கும் என்று எழுதுவார்கள். இருளில் ஒளிச்சேர்க்கை இல்லை, சுவாசமோ இடைவிடாது நடைபெறுகிறது, ஆகவே பயறின் பொருளில் ஒரு பகுதி கரியமில வாயுவாக வெளியேறி உலர் எடை குறைந்திருக்கும் என்று அறிபவன், இரண்டு பாடங்களையும் ஒன்றாக இணைத்துக்கொண்டவன். இதே கருத்தை மனித உடலுக்கும் கொண்டு செல்லலாம். பத்து கிலோ கொழுப்பை இழந்தவரின் உடலிலிருந்து அக்கொழுப்பு எங்கே போயிற்று என்று கேட்டால், வியர்வையாயிற்று, வெப்பமாயிற்று, கழிவாயிற்று என்று பலவாறாக எழுதுவார்கள். அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது என்பதே கணக்கு. எண் தேவையில்லை, மூச்சின் வழியாக என்று எழுதினாலே போதும்.

சூழலியல் வினாக்கள்

சூழலியலில் பரீட்சை பெரும்பாலும் பெயர்களின் பட்டியலாகிவிடுகிறது. உற்பத்தியாளர், முதல்நிலை நுகர்வோர், சிதைப்பான்கள் என்று பொருத்தச் சொல்வதால், பெயர்களின் அறிவு கிடைக்குமே தவிர அவற்றிடையே உள்ள சம்பந்தத்தின் அறிவு கிடைக்காது. டான்ஸ்லி என்னும் ஆங்கிலத் தாவரவியலார் 1935-இல் சூழ்நிலை மண்டலம் என்னும் கருத்தை வெளியிட்டபோது, உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் பிரிக்கலாகாத ஒரே தொகுதியாக எண்ண வேண்டும் என்பதையே வற்புறுத்தினார். ஆதலின் சூழலியல் வினா ஒவ்வொன்றும் ஒரு மாற்றத்தைச் சொல்லி அதன் விளைவுகளைத் தொடர்ந்து போகும்படி கேட்க வேண்டும்.

முதலில் மிக எளிய சோதனை ஒன்று. புல், மான், புலி மூன்றையும் எழுதிக் கொடுத்து அவற்றிடையே அம்புக்குறி இடச் சொல்லுங்கள். தின்பதிலிருந்து தின்னப்படுவதை நோக்கி அம்பு இடுகிறவர்கள் வகுப்பில் கணிசமானவர் இருப்பார்கள். அம்பு சக்தி செல்லும் திசையைக் குறிக்கிறது என்பதை அவர்கள் உணரவில்லை. அதற்கு அடுத்தபடியாக, மான்கள் நூற்றுக்கணக்கில் வாழும் காட்டில் புலிகள் சிலவே வாழக் காரணம் என்ன என்று கேட்கலாம். மினசோட்டா மாநிலத்துச் சீடர் பாக் ஏரியை ஆராய்ந்து ரேமண்ட் லிண்டமன் 1942-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளைத்து வந்த பத்து சதவீத விதி, நம் மாணாக்கருக்குப் பத்தால் வகுக்கும் கணக்காக மட்டுமே அறிமுகமாகியிருக்கிறது. பத்தாயிரத்தை ஆயிரமாகவும் ஆயிரத்தை நூறாகவும் வகுப்பவன் சக்தி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. மேற்படி வினாவுக்கு விடை எழுதுபவனோ, மான் உண்டதில் பெரும்பகுதி அதன் சுவாசத்தில் வெப்பமாகக் கழிந்துபோயிற்று என்று சொல்லியாக வேண்டும். இதோடு இணைத்து, சக்தி ஊட்ட நிலைதோறும் குறைந்துகொண்டே வர, டிடிடி போன்ற பூச்சிக்கொல்லியின் செறிவு மட்டும் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்றும் கேட்டால், வெளியேறும் பொருளுக்கும் உடற்கொழுப்பில் தங்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை மாணவன் உணர்ந்தானா என்பது தெரியவரும்.

*மாதிரி வினா மூன்று.* ஒரு நெல்வயலில் நெற்பயிர், அதைத் தின்னும் பூச்சிகள், பூச்சிகளைத் தின்னும் தவளைகள், நெல்மணிகளைத் தின்னும் எலிகள், தவளைகளையும் எலிகளையும் தின்னும் பாம்புகள் ஆகியவை உள்ளன. தவளைகளை எல்லாம் பிடித்து அகற்றிவிட்டால் பூச்சிகள், நெல், பாம்புகள், எலிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் என்ன நேரும்? காரணம் கூறுக.

இது கற்பனைச் செய்தி அன்று. தவளைக் கால்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகித் தவளைகள் குறைந்துவந்த காரணத்தால் 1987-இல் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. இவ்வினாவில் பூச்சிகள் பெருகும், நெல் குறையும் என்னும் இரண்டும் எளியவை. எலிகளைப் பற்றிய பகுதியே உண்மையான சோதனை. தவளை கிடைக்காத பாம்பு எலியையே மிகுதியாக நாடுமாதலால் எலிகள் குறையும் என்று ஒருவன் எழுதலாம். உணவு குறைந்து பாம்புகள் குறைவதால் எலிகள் பெருகும் என்று இன்னொருவன் எழுதலாம். பூச்சிகள் நெல்லை அழிப்பதால் எலிக்கு உணவு குறையும் என்று மூன்றாமவன் எழுதலாம். மூவரும் சங்கிலியைத் தொடர்ந்து போயிருக்கிறார்கள். மூவருக்கும் முழு மதிப்பெண் உரியது. எலிக்கும் தவளைக்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே மாற்றம் இல்லை என்று எழுதுபவனுக்கே வலையின் தன்மை விளங்கவில்லை. விடைக்குறிப்பு எழுதும்போதே, ஏற்கத்தக்க பல விடைகளையும் முன்கூட்டி எழுதி வைப்பது ஆசிரியரின் கடமை.

*மாதிரி வினா நான்கு.* ஏரி முழுவதும் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறது. பச்சைத் தாவரங்கள் பிராணவாயுவை வெளியிடுகின்றன. எனவே இந்த ஏரியில் மீன்கள் செழிக்கும் என்று ஒரு மாணவி கூறுகிறாள். ஏரியின் நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருப்பதாகச் சோதனை காட்டுகிறது. மாணவியின் காரணத்தில் எங்கே பிழை உள்ளது?

இலைகள் நீர்மட்டத்துக்கு மேலிருப்பதால் அவை வெளியிடும் பிராணவாயு காற்றில் கலக்கிறது. மேற்பரப்பு மூடிக்கிடப்பதால் நீருக்கடியில் உள்ள பாசிகளுக்கு ஒளி கிட்டுவதில்லை. காற்றிலிருந்து பிராணவாயு நீரில் கரைவதும் தடைபடுகிறது. மடிந்து அடியில் வீழும் இலைதண்டுகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் எஞ்சிய பிராணவாயுவையும் செலவழிக்கின்றன. இந்நான்கனுள் இரண்டை எழுதினாலே போதுமானது. மாணவியின் வாக்கியம் புத்தகத்தின்படி முற்றிலும் சரியான வாக்கியம் என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். சரியான வாக்கியமும் இடமறியாமல் பிரயோகிக்கப்பட்டால் தவறான முடிவுக்குக் கொண்டு செல்லும் என்பதை இதுபோன்ற வினாக்களே மாணாக்கருக்கு உணர்த்துகின்றன.

மேல்வகுப்பு மாணாக்கருக்குப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் வரலாறு சிறந்த வினாப்பொருள். இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் தொகை 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் 99 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. கால்நடைகளின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து அவற்றின் சடலங்களில் தங்கி, தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதை 2004-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பதை இந்தியா தடை செய்தது. இச்செய்திகளைக் கொடுத்து மூன்று வினாக்கள் கேட்கலாம். மருந்து தங்கிய சடலங்கள் சிலவே ஆயினும் பாறுகள் இவ்வளவு பெருந்தொகையில் மடிந்தது ஏன்? பாறுகள் இல்லாத ஊரில் தெருநாய்களின் தொகை என்னவாகும்? பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவது, தடைக்குப் பின்னும் அதன் தொகை விரைவில் மீளாமைக்கு எவ்வாறு காரணமாகும்? முதுமலையை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் வாழ்கின்றன என்பதால், தமிழ்நாட்டு மாணாக்கருக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றாது.

பரிணாமப் பாடத்துக்கு வாக்கியத் திருத்த வினாவே ஏற்றது. "1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது டிடிடிக்கு மடிந்த கொசுக்கள், நாளடைவில் மருந்துக்குப் பழகி, தம் உடலை மாற்றிக்கொண்டன" என்று கொடுத்து, கருத்துப் பிழையை நீக்கி எழுதும்படி கேட்க வேண்டும். எந்தக் கொசுவும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை, தாங்கும் தன்மையை முன்னரே பெற்றிருந்த சிலவே பிழைத்து இனம் பெருக்கின என்னும் கருத்து திருத்தத்தில் வர வேண்டும்.

செய்முறையும் களமும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. அது பெரும்பாலும் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பதிலும் கண்டறிந்து எழுதுவதிலும் கழிந்துவிடுகிறது. சோதனையைச் செய்துகாட்டச் சொல்வதோடு, அதன் ஒரு படியை நீக்கினால் என்ன நேரும் என்றும் கேட்பது நல்லது. மோலின் அரை இலைச் சோதனையில் செடியை முதலில் இரண்டு நாள் இருட்டில் வைக்காமல் விட்டால் முடிவு என்னவாகும் என்று கேட்டால், முன்பே இலையில் இருந்த ஸ்டார்ச்சினால் இரு பாதிகளும் அயோடினில் நீலக்கருமையாகும், எதையும் முடிவு செய்ய இயலாது என்று சொல்பவனே சோதனையின் தர்க்கத்தை உணர்ந்தவன்.

களத்தில் செய்வதற்குப் பள்ளி மைதானமே போதும். ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, நிழலில் ஓரிடத்திலும் வெயிலில் ஓரிடத்திலும் செடிவகைகளை எண்ணச் சொல்லலாம். ஒரே ஒரு சதுரத்தை எண்ணிவிட்டு மைதானம் முழுவதற்கும் முடிவு கூறலாமா என்பதே அங்கே கேட்க வேண்டிய வினா. நத்தைகளை எண்ணுவதற்குக் குறியிட்டு மறுபடி பிடிக்கும் முறை உண்டு. நாற்பது நத்தைகளுக்கு வர்ணப்பொட்டு இட்டு விட்டு, மறுமுறை பிடித்த ஐம்பதில் பத்தில் பொட்டு இருந்தால், மொத்தம் ஏறத்தாழ இருநூறு என்பது கணக்கு. இடையில் மழை பெய்து சில பொட்டுகள் அழிந்துவிட்டால் நம் மதிப்பீடு கூடுமா குறையுமா என்று கேளுங்கள். கூடும் என்று காரணத்தோடு சொல்பவனுக்குச் சூத்திரம் மறந்திருந்தாலும் குற்றமில்லை.

வினாவின் மொழி

வினா விளங்காமையால் விடை தவறுவது மாணவனின் குறையாகாது. ஆகவே எதிர்மறை வாக்கியங்களைக் கூடியவரை விலக்குக; "எது அல்லாதது" என்று கேட்க நேர்ந்தால் அச்சொல்லை அடிக்கோடிட்டுக் காட்டுக. "மேற்கூறிய அனைத்தும்" என்னும் விடை சிந்திக்காமலே தப்பிக்க வழி தருவது, அதை நீக்குக. சரியான விடை மட்டும் நீளமாகவும் நுணுக்கமாகவும் அமைந்துவிடுவது வினா எழுதுவோரிடம் இயல்பாக நேரும் குற்றம். நான்கு விடைகளும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்க வேண்டும். "எப்போதும்", "ஒருபோதும்" என்னும் சொற்கள் தவறான விடைகளில் மட்டும் தலைகாட்டினால் கூரிய மாணவன் பாடம் தெரியாமலே விடை கண்டுவிடுவான்.

விடைத்தாளைப் படித்தல்

திருத்தி முடித்ததும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பட்டியலிடுவதோடு நின்றுவிடாமல், வினா வினாவாகக் கணக்கெடுக்க வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரு வினாவுக்கு இருபத்தெட்டுப் பேர் சரியாக விடையளித்தால் அதன் எளிமைக் குறியீடு 0.70. அடுத்து, மொத்த மதிப்பெண் வரிசையில் மேலிருந்து பதினொருவரையும் கீழிருந்து பதினொருவரையும் எடுத்துக்கொள்க. மேலும் கீழும் 27 சதவீதம் எடுத்துக்கொள்வது கெல்லி என்பவர் 1939-இல் காட்டிய முறை. மேற்குழுவில் ஒன்பது பேரும் கீழ்க்குழுவில் மூவரும் சரியாக எழுதியிருந்தால், வேறுபாடாகிய ஆறைப் பதினொன்றால் வகுக்க 0.55 வரும். இது வினா நன்கு தரம்பிரிக்கிறது என்பதற்கு அடையாளம். சுழியை ஒட்டி வந்தால் வினாவால் பயனில்லை. எதிர்மறையாக வந்தால், அதாவது கெட்டிக்காரர்கள் தவறியும் மற்றவர்கள் சரியாகவும் எழுதியிருந்தால், வினாவின் சொற்களிலோ விடைக்குறிப்பிலோ பிழை இருக்கிறது என்று கொண்டு முதலில் அதைச் சோதிக்க வேண்டும்.

இவ்விரு எண்களைக் காட்டிலும் பயனுள்ளது, தவறான விடை ஒவ்வொன்றையும் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்னும் கணக்கு. ஒருவரும் தொடாத விடை இறந்த விடை. அடுத்த ஆண்டு அதை எடுத்துவிட்டுப் பிள்ளைகளின் வாக்கியம் ஒன்றை அவ்விடத்தில் வைக்க வேண்டும். தவறான விடை ஒன்றில் வகுப்பின் மூன்றில் ஒரு பங்கு திரண்டிருந்தால், கவனக்குறைவு அவ்வளவு ஒழுங்காகத் திரளாது என்பதால், அது ஒரு கொள்கை. அதற்கு மறுபாடம் தேவை.

பரீட்சைக்குப் பின்

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் சரியான விடையை முதலில் சொல்லிவிடலாகாது. பெரும்பான்மையோர் தவறிய வினாக்கள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, வெவ்வேறு விடை எழுதிய நால்வரை ஒரு குழுவாக உட்காரவைத்து, ஒருவர் காரணத்தை மற்றவர் கேட்டு மறுக்கும்படி செய்யுங்கள். பின்பு பயற்றுச் சோதனையைப் போல் நிறுத்துப் பார்க்கத்தக்க ஒன்றை வகுப்பிலேயே செய்து காட்டி, எண்ணே தீர்ப்புச் சொல்லும்படி விடுங்கள். ஆசிரியர் சொன்னதால் கைவிட்ட கொள்கை திரும்பி வரும். தராசு மறுத்ததால் கைவிட்ட கொள்கை எளிதில் திரும்பாது.

மூன்று வாரம் கழித்து அதே கருத்தை வேறு உருவத்தில் மறுபடி கேட்க வேண்டும். வில்லோ மரத்தைப் பற்றிய வினாவில் தேறியவர்களிடம், நூறு கிலோ இலைச்சருகு மட்கி முப்பது கிலோ எருவாயிற்று, எஞ்சிய எழுபது கிலோ எங்கே என்று கேட்டால், நீராவியாகவும் நுண்ணுயிர்களின் சுவாசத்தில் கரியமில வாயுவாகவும் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். மண்ணோடு கலந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். மதிப்பெண் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மதிப்பெண்ணை எழுதும் பத்தியை அடுத்து இன்னொரு பத்தி வரைந்து, அவரிடம் எஞ்சியுள்ள பிழையான எண்ணத்தின் எண்ணை முன்னே தந்த பட்டியலிலிருந்து எடுத்துக் குறித்து வாருங்கள். அடுத்த பருவத்து வினாத்தாளை அந்த இரண்டாம் பத்தியைப் பார்த்தே எழுத வேண்டும்.